தங்கை மகளுக்குக் கட்டிய குடிசை

கடலூர் செம்மண்டலத்தில் எனக்கு ஒரு சாமியானா கடை இருக்கிறது. பந்தல், பிளாஸ்டிக் சேர், சீரியல் லைட், சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். காதுகுத்து, கருமாதி என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். ஆனால் எனக்குச் சோறு போடுவது மஞ்சள் நீராட்டு விழாதான். கல்யாணத்துக்கு இப்போது எல்லாரும் மண்டபத்துக்குப் போய்விடுகிறார்கள். பெண் வயதுக்கு வந்தால் மட்டும் வீட்டு வாசலில் பந்தல் போட்டாக வேண்டும். தெருவுக்குத் தெரிய வேண்டுமே! தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, முக்கில் ஒரு பேனர் கட்டுவார்கள். பேனரில் அந்தப் பெண் மயில்மேல் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் அப்பாவின் கட்சிக்காரர்கள் கும்பிட்டபடி நிற்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பேனருக்குக் கீழேதான் அது போயாக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போகும். எனக்குப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும். எரிச்சல்பட்டுக்கொண்டே கம்பம் நடுவேன். தொழில் அப்படி.

எனக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். என் தங்கைக்கு ஒரே பெண். ஆகவே தாய்மாமன் என்று நான் செய்ய வேண்டியதெல்லாம் அந்த ஒருத்திக்குத்தான். எங்கள் பக்கம் பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் பச்சைத் தென்னங்கீற்று வெட்டிவந்து, வீட்டோரம் ஒரு சின்னக் குடிசை கட்ட வேண்டும். அதில் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளரோடு பெண்ணைச் சில நாள் உட்காரவைப்பார்கள். பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றி உள்ளே அழைத்துக்கொண்டு, குடிசையைப் பிரித்து எரித்துவிடுவார்கள். இப்போது பாதிப் பேர் நாலு கீற்றை வராந்தாவில் சாத்திவைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதோடு சரி. எனக்கு அது ஆகாது. ஊரான் வீட்டுக்கெல்லாம் பந்தல் போடுகிறவன், சொந்தத் தங்கை பெண்ணுக்குக் கீற்றைச் சாத்திவைத்துவிட்டு வந்தால் நன்றாகவா இருக்கும்? கீற்று முடைவது முதல் கட்டுவது வரை எல்லாம் என் கையால்தான் என்று அவள் பிறந்த அன்றே என் தங்கையிடம் சொல்லிவிட்டேன்.

"மொதல்ல அது கண்ணத் தொறக்கட்டும்ண்ணா" என்றாள் அவள்.

என் தங்கை அண்ணாமலை நகரில் ஒரு மெஸ் நடத்துகிறாள். மெஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வாடகை வீட்டின் முன்னறையில் நான்கு பெஞ்சு, லாட்ஜுகளில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. மச்சான் சிங்கப்பூரில் வெல்டர். வருஷத்துக்கு ஒருமுறை வந்து, சாக்லேட் கொடுத்து, தூங்கிவிட்டுப் போவார். நல்ல மனிதர்தான், ஆனால் வீட்டில் நடக்கிற எதற்கும் ஊரில் இருக்க மாட்டார். அதனால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் நான்தான் கடலூரிலிருந்து பஸ் ஏறுவேன்.

பாப்பா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அவள் உயரமும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. ஒரே யூனிபார்மை வருஷக்கணக்கில் போட்டாள். என் தங்கை அதைத் துணிக்கடைக்காரனை ஏமாற்றிவிட்டதுபோலப் பெருமையாகச் சொல்லுவாள். வகுப்பில் முதல் வரிசை, பிரேயரில் முதல் ஆள். "என்னா பாப்பா, இன்னும் சேர்மேல ஏறித்தான் சட்னி எடுக்கறியா?" என்று நான் கேட்டால், "நீ இன்னும் சேர வாடகைக்கு வுட்டுத்தான பொழைக்கற? என்னால உனக்கு யாவாரம்" என்பாள். வாய் மட்டும் வயதுக்கு மீறி வளர்ந்திருந்தது.

ஏழாவது படிக்கும்போது அவளோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக வயதுக்கு வந்தார்கள். எட்டாவதில் ஏறக்குறைய எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒன்பதாவதிலும் இவள் அப்படியே இருந்தாள். உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. மச்சானின் அக்கா, அதாவது பாப்பாவுக்கு அத்தை, புவனகிரியிலிருந்து வருகிறபோதெல்லாம் வாசலிலேயே கேட்பார்: "இன்னுமா ஒண்ணும் இல்ல?" செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்பார். என் தங்கை ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். சடங்கான பிறகு கொடுக்க வேண்டிய உளுந்தங்களியையும் பச்சை நாட்டுக்கோழி முட்டையையும் முன்கூட்டியே கொடுக்க ஆரம்பித்தாள். பாப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்து, "இத குடுக்கறதுக்கு நீ ஒரு பந்தல் வேற போடுவியா மாமா?" என்பாள்.

கடைசியில் நான்தான் டாக்டரிடம் போகலாம் என்றேன். சிதம்பரத்தில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று மூன்று பேரும் போயிருந்தோம்.

"பொண்ணு வெளிய உக்காரட்டுமா மேடம்?" என்று தங்கை கேட்டாள்.

"அவளப் பத்திதான பேசப்போறோம், இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

பெண்கள் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது பந்தல் அளவு மட்டும்தான். வயது வந்தால் உடம்பு புதிதாக முட்டை செய்ய ஆரம்பிக்கும், அதற்குத்தான் நாம் பேனர் கட்டுகிறோம் என்று நினைத்திருந்தேன். அது அப்படியில்லையாம். பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகளெல்லாம் உண்டாகிவிடுகின்றன, லட்சக்கணக்கில். பிறந்த பிறகு ஒன்றுகூடப் புதிதாகச் சேராது. ஒவ்வொரு முட்டையும் இரண்டாகப் பிரியத் தொடங்கி, பாதியில் நின்றுவிடும். சுற்றிச் சில செல்களைப் போர்த்திக்கொண்டு, சினைப்பைக்குள் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். கிடக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து உதிர்ந்துகொண்டும் இருக்குமாம். அது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். அப்படி உதிர்ந்தாலும் வயதுக்கு வரும்போது ஏராளமாக மிச்சம் இருக்கும்.

"அந்த வயசு நெருங்கும்போது மூளையிலேர்ந்து சமிக்ஞை வரும்" என்றார் டாக்டர். "மொதல்ல பொண்ணு தூங்கும்போது மட்டும் வரும். அப்பறம் பகல்லயும் வரும். அதுக்கு முட்டையச் சுத்தி இருக்கற செல்லுங்க பதில் சொல்லும். அதுங்கதான் பொம்பளைக்கான ஹார்மோனைச் செய்யுது. மார்பு வளரும், கர்ப்பப்பை பெருசாவும். ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் முட்டைங்க ஒண்ணா வளர ஆரம்பிக்கும். ஒண்ணு மட்டும் முந்திக்கிட்டு முதிரும். பாதியில நின்னுதே அந்தப் பிரிவு, அது வெளிய வரும்போதுதான் மேற்கொண்டு நடக்கும். மத்ததெல்லாம் சுருங்கிப் போயிடும்."

என் தொழில் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் சிரித்தபடி இன்னொன்றும் சொன்னார். "நீங்க பந்தல் போடறீங்களே, அந்த மொத ரத்தம் வர்றப்ப நிறைய பொண்ணுங்களுக்கு முட்டை வெளிய வந்தே இருக்காது. ஒழுங்கா முதிர்ந்து வர்றதுக்கே ஒண்ணு ரெண்டு வருஷம் ஆவும்." எத்தனை பந்தல், எத்தனை மயில்! அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தங்கை முறைத்தாள்.

பிறகு டாக்டர் சிரிக்கவில்லை. பாப்பாவைப் பார்த்தே பேசினார். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்க வேண்டும், இவளுக்கு ஒன்றுதான் இருக்கிறது, உயரம் குறைந்ததும் அதனால்தான் என்றார். இவளுக்கும் முட்டைகள் உண்டாகத்தான் செய்தன. ஆனால் எல்லாருக்கும் மெதுவாக உதிர்வது இவளுக்கு வேகவேகமாக உதிர்ந்துவிட்டது.

"மூளை கூப்பிட்டுப் பாத்திருக்கு. பதில் வரலன்னதும் இன்னும் ஜாஸ்தியா கூப்பிடுது. இந்த ரத்த ரிப்போர்ட்ல தெரியறது அதான். ஆனா கேக்கறதுக்கு அங்க முட்டை இல்ல."

"நான் மாசமா இருக்கும்போது எதுனா சாப்டக் கூடாதத சாப்ட்டுட்டனா மேடம்?" என்றாள் என் தங்கை.

"உங்க தப்பு ஒண்ணுமில்லம்மா. யார் தப்பும் இல்ல."

பாப்பா அதுவரை மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "எனக்கு எப்ப தீந்துச்சி மேடம்?"

டாக்டர் ரிப்போர்ட்டை மூடிவைத்தார். "இன்ன நாள்னு சொல்ல முடியாதும்மா. பாதிக்கு மேல நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போயிருக்கும். மிச்சம் நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது. ரெண்டு மூணு வயசுக்குள்ள தீந்திருக்கலாம்."

ரெண்டு மூணு வயதில் அவளை எனக்கு நன்றாகத் தெரியும். தங்கை அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவேன். அலையைப் பார்த்து, "போ, போ" என்று விரட்டுவாள். அலை திரும்பிப் போனதும், தான் விரட்டித்தான் போனது என்று கைதட்டுவாள். சுண்டல் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக என் வாயில் திணிப்பாள். அவள் என் தோளில் உட்கார்ந்து கைதட்டிய அந்தச் சாயங்காலங்களில்தான் அவளுக்குள் எல்லாம் உதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியாமல், ஒரு வலியும் இல்லாமல், ஒரு சத்தமும் இல்லாமல் அவ்வளவும் தீர்ந்துபோயிருக்கிறது. பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூட மூக்கு ஒழுகும், தெரியும்.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். தங்கை டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. பாப்பாதான் பேச்சை ஆரம்பித்தாள். "மாமா, எனக்கு ஸ்டாக் தீந்துடுச்சி. உன் குடோன்லயாவது எதுனா இருக்குதா?" நான் சிரித்தேன். சிரித்ததற்கு அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. அன்றைக்கு எங்களைச் சிரிக்கவைக்கிற பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். அவர்களை வீட்டில் விட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர், "யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் உடம்பு செய்யாத ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தார் டாக்டர். முதலில் கொஞ்சமாக, பிறகு கூட்டிக் கூட்டி. கர்ப்பப்பை வளர்ந்த பிறகு மாதத்தில் சில நாள் இன்னொரு மாத்திரையும் சேர்ப்போம், அது முடிந்ததும் ரத்தம் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார். அது மாத்திரையால் வருவது, முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எலும்புக்கும் இதயத்துக்கும் இந்த மாத்திரைகள் வேண்டும், நிறுத்தவே கூடாது என்றும் சொல்லியிருந்தார். மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் வந்தோம்.

பாப்பா பதினொன்றாவது படிக்கும்போது, ஒரு காலையில் தங்கை போன் பண்ணினாள்.

"அண்ணா, பாப்பா வயசுக்கு வந்துட்டா. கீத்து வெட்டிக்கினு வா."

"ஏம்மா, அது மாத்திரையால..."

"எனக்குத் தெரியாதா? நானும்தான கூட வந்தேன். ஊருக்குத் தெரியுமா? எல்லாரும் என் பொண்ண ஒரு மாதிரி பாக்கறாங்கண்ணா. இத்தோட வாய மூடிக்குவாங்க. நீ வா."

போனேன். வேறென்ன செய்வது? தெரிந்தவர் தோப்பில் கீற்று வெட்டி, மட்டையைக் கிழித்து, நானே முடைந்தேன். பச்சைக் கீற்றுக்கு ஒரு வாசனை உண்டு, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பிடித்த வாசனை. அன்றைக்கு மூச்சை அடக்கிக்கொண்டு முடைந்தேன். மெஸ்ஸுக்குப் பக்கத்துச் சந்தில், விறகு அடுக்கியிருந்த இடத்தை ஒதுக்கிக் கட்டினேன். ஊரே பாராட்டுகிற மாதிரி கட்டினேன். அதைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஒரு முடிச்சுகூடத் தளரவில்லை.

பாப்பா உள்ளே போய் உட்கார்ந்தாள். தலை கூரையில் இடிக்காது. "ஒனக்கு ரொம்ப நாள் ஆசையில்ல மாமா? நல்லா பாத்துக்க" என்றாள். நான் கீற்றைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

புவனகிரி அத்தை வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். கூடவே ஒரு ஜோசியரையும் அழைத்துவந்திருந்தார். பெண் வயதுக்கு வந்த நேரத்தை வைத்து ருது ஜாதகம் எழுதுவது எங்கள் ஜனங்களுக்குள் வழக்கம். பிறந்த ஜாதகத்தைவிடக் கல்யாணத்துக்கு அதைத்தான் பெரிதாகப் பார்ப்பார்கள். ஜோசியர் பெஞ்சில் உட்கார்ந்து, "நேரம் சொல்லுங்கம்மா" என்றார். என் தங்கை சொன்னாள். நேரத்தை முடிவு செய்தது மாத்திரை அட்டை என்பது எனக்கும் அவளுக்கும் குடிசைக்குள் இருந்தவளுக்கும்தான் தெரியும்.

ஜோசியர் கட்டம் போட்டார். கொஞ்ச நேரம் உதடு அசைத்தார். "அருமையான ஜாதகம். புத்திர ஸ்தானம் ரொம்ப பலமா இருக்கு. தலைச்சன் ஆம்பளப் பிள்ளதான்" என்றார்.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் குடிசையைப் பார்த்தேன். கீற்றிடுக்கில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி என் தங்கையைப் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. அவள் முகம் மலர்ந்திருந்தது. ஊருக்காகக் காட்டுகிற சிரிப்பு இல்லை அது. டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து நான் அவளிடம் பார்க்காத முகம். ஜோசியரின் தட்டில் இன்னும் இரண்டு பழம் சேர்த்து வைத்தாள். ஊருக்காகப் போட்ட பந்தலில் என் தங்கையே போய் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் ஊற்றினார்கள், பட்டுப்புடவை கட்டினார்கள், நான் சீர் வைத்தேன், மாலை போட்டேன். பேனர் வேண்டாம் என்று பாப்பா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். கடைசியில் குடிசையைப் பிரித்து எரித்தேன். பச்சைக் கீற்று லேசில் பற்றாது. புகைந்துகொண்டே இருந்தது. எல்லாருக்கும் கண் எரிந்தது, அதனால் யார் எதற்குக் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த முறை போனபோது தங்கை மாத்திரையை நிறுத்தியிருந்தாள்.

"ஜாதகம் பொய் சொல்லுமாண்ணா? மாத்திரதான் உள்ள இருக்கறத அமுக்கி வெச்சிருக்குன்னு தோணுது. நிறுத்திப் பாத்தா தானா வரும்."

"மாத்திரையால வந்த நேரத்த வெச்சி எழுதன ஜாதகம்மா அது!"

"எதால வந்தா என்னா? அந்த நேரத்துல வரணும்னு இருந்திருக்கு."

கத்தினேன். எலும்பு வீணாகப்போகும் என்றேன், டாக்டரைவிட ஜோசியர் பெரியவரா என்றேன். "நீ எனக்கு அண்ணனா, டாக்டருக்கு அண்ணனா?" என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த பிள்ளைகள் சோற்றில் கை வைத்தபடி எங்களையே பார்த்தார்கள். நான் சாப்பிடாமல் கோபமாகக் கிளம்பிவிட்டேன். சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். "நீங்க பாத்து சொல்லுங்க மச்சான்" என்றார் மச்சான். அவர் எப்போதும் அதைத்தான் சொல்வார்.

முதல் மாதம் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது மாதமும் வரவில்லை. தங்கை தினமும் காலையில் மகளிடம் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. வாயால் கேட்பதில்லையாம். குளித்துவிட்டு வரும்போது முகத்தைப் பார்ப்பாளாம். "அம்மா வாயால கேட்டாகூடத் தேவல மாமா" என்றாள் பாப்பா போனில்.

மூன்றாவது மாதம் தங்கையே கூப்பிட்டாள். அழுகையும் சிரிப்புமாக ஒன்றும் புரியவில்லை. "வந்துடுச்சிண்ணா. மாத்திர இல்லாம, தானா வந்துடுச்சி."

சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, நானும் நம்பினேன். டாக்டர் சொன்னதெல்லாம் தெரிந்த நான், அந்த மேசையின் முன் உட்கார்ந்து கேட்ட நான், மறுநாள் விடிந்ததும் செம்மண்டலம் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வழியில் நாட்டுக்கோழி முட்டை வாங்கினேன், செக்கு நல்லெண்ணெய் வாங்கினேன். பஸ்ஸில் முட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்றாவது எங்கேயாவது மூலையில் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கும், டாக்டர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாலத்தைத் தாண்டும்போது ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பாப்பா பின்னறை மூலையில் தனிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குச் சமைக்கிற வீடு என்பதால் தங்கை தீட்டு விஷயத்தில் கறாராக இருப்பாள். பக்கத்தில் தனித் தட்டு, தனி டம்ளர். புத்தகத்தை விரித்துவைத்திருந்தாள். என் கையில் முட்டைப் பையைப் பார்த்ததும் அவள் முகம் என்னவோ ஆகிவிட்டது.

"நீயுமா மாமா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் குந்தினேன். அவள் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒண்ணும் வரல. சும்மா சொன்னேன். அம்மா பாத்ரூம்ல தண்ணிய தொறந்து வுட்டுட்டு அழுவுது மாமா. தெனம் அழுவுது. நான் வந்துடுச்சின்னு சொன்னா அன்னிக்காவது அழுவாது இல்ல?"

நான் முட்டைப் பையைச் சுவரோரம் தள்ளிவைத்தேன்.

"எனக்கு மாத்திர வேணும் மாமா. முதுவு வலிக்குது. நீ வாங்கியாந்து குடு, அம்மாவுக்குத் தெரியாம போட்டுக்கறேன். மாசாமாசம் வந்துடும், அம்மாவும் நம்பிக்கும்."

பதினாறு வயதுப் பெண், இல்லாத முட்டையை இருப்பதாகத் தன் அம்மாவை நம்பவைக்கத் திட்டம் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து சமையலறைக்குப் போனேன். எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கு இல்லை. இன்றைக்கு இதை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆத்திரத்தோடுதான் போனேன்.

தங்கை அடுப்பில் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கருப்பட்டி வாசனை அறை முழுக்க இருந்தது.

"அவ பொய் சொல்றாம்மா" என்றேன். "ஒண்ணும் வரல."

அவள் துடுப்பை நிறுத்தவில்லை. களி பாத்திரத்தில் ஒட்டாமல் சுழன்றுகொண்டிருந்தது.

"தெரியும்ண்ணா" என்றாள்.

"என்னா தெரியும்?"

"பொம்பளைக்குத் தெரியாதா? ஒரு துணி இல்ல, குப்பையில ஒண்ணு வுழல. நேத்து ஒனக்குப் போன் பண்ணும்போது நெசமாத்தான் நம்பனேன். சாயங்காலமே தெரிஞ்சிடுச்சி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஜோசியமும் பொய், எல்லாம் பொய்தான். ஆனா அவ எனக்காக சொல்றாண்ணா. இத்தன நாள் நான் அவள எப்டி பாத்திருந்தா அவ இப்டி சொல்லுவா? இப்ப போய் நீ பொய் சொல்றன்னு சொன்னா, பாவம், அவ எங்க போவா?"

என் ஆத்திரமெல்லாம் போய்விட்டது. பொறுமையாகச் சொன்னேன்: "மாத்திர குடுக்கணும்மா. முதுவு வலிக்குதாம்."

அவள் அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். தூக்கிப்போட மனசு வரவில்லையாம். டாக்டரிடம் போனில் பேசிவிட்டாள், இன்றிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லியிருக்கிறார். களியைத் தட்டில் உருட்டிவைத்து, நடுவில் குழித்து, குழி நிறைய நல்லெண்ணெய் விட்டாள். தட்டின் ஓரத்தில் மாத்திரையை வைத்து என்னிடம் நீட்டினாள்.

"நீயே குடுத்துடு. நீ வாங்கியாந்த மாதிரி குடு. நான் குடுத்தா எனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். பாப்பா மாத்திரையைப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

களியைக் கிள்ளி, மாத்திரையை அதில் வைத்து விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். வேகவேகமாக இன்னும் நாலு வாய் தின்றாள். பிறகு, உள்ளே கேட்க வேண்டும் என்று நல்ல சத்தமாகக் கூப்பிட்டாள்: "அம்மா, எண்ணெ பத்தல!"

என் தங்கை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். பாயின் விளிம்புக்குச் சற்று முன்பாகவே நின்றுகொண்டாள். தீட்டுக்காரியைத் தொட்டுவிடக் கூடாதே! பாப்பா தட்டைத் தூக்கிப் பிடித்தாள். என் தங்கை கையை உயர்த்தி, தட்டிலும் படாமல், அவள் விரலிலும் படாமல், மேலேயிருந்து எண்ணெயை ஊற்றினாள்.